பசித்தவளின் ஜாலிப் பாட்டு

ஓபராவில் மெஸ்ஸோ-சொப்ரானோவுக்குக் கிடைப்பதெல்லாம் அம்மா, சூனியக்காரி, இல்லாவிட்டால் கால்சட்டை மாட்டிய பையன் வேஷம் என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. சொப்ரானோவுக்குக் கீழே, கான்ட்ரால்டோவுக்கு மேலே இருக்கும் இந்த நடுக்குரலுக்கு ஜாலியா ஒரு பாட்டு வேணும்னு கேட்டால், பலரும் கார்மெனின் ஹபனேராவைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நல்ல பாட்டுதான், ஆனால் ரொம்பத் தேய்ந்துவிட்டது. பாடகி வாயைத் திறப்பதற்கு முன்பே கை இடுப்புக்குப் போய்விடுகிறது.

கார்மெனுக்குப் பாடல் வரிகள் எழுதிய அதே மெயாக் - அலெவி ஜோடி, அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1868இல், ஓஃபென்பாக்குக்கு எழுதிக்கொடுத்தது ‘லா பெரிஷோல்’. பாரிஸின் நட்சத்திரம் ஒர்த்தான்ஸ் ஷ்னைடருக்காக உருவான வேஷம். பெரிஷோல் லிமா நகரத்துத் தெருப்பாடகி. பட்டினி தாங்க முடியாமல் காதலனுக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டு வைஸ்ராயோடு கிளம்புகிறாள். அரண்மனையில் தங்க வேண்டுமென்றால் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். அதனால் சாப்பாடும் ஒயினும் வயிறு முட்டக் கொடுத்து மணமேடைக்கு இழுத்து வருகிறார்கள். அப்போது வருவதுதான் அந்தப் பிரசித்தமான போதைப் பாட்டு.

கச்சேரிகளில் இதை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்து, விக்கலும் தள்ளாட்டமுமாகப் பாடிச் சிரிப்பு வாங்குவார்கள். எனக்கு அது எரிச்சல்தான். குடித்தவர் யாராவது தள்ளாட ஆசைப்படுவாரா என்ன? நேராக நடந்து காட்டத்தானே படாதபாடு படுவார்! மெட்டிலேயே அது இருக்கிறது. வால்ட்ஸ் நடை ஊஞ்சல் மாதிரி போய்க்கொண்டிருக்கும்போது, ‘யார்கிட்டயும் சொல்லிடாதீங்க’ என்பதுபோலக் குரல் சட்டென்று தாழும். அந்த ரகசியம் பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் குரலில்தான் எடுபடும். ஃப்ரெடெரிகா வான் ஸ்டேட் பாடிய பதிவைத் தேடிக் கேளுங்கள்.

என் யோசனை, கடிதப் பாட்டை முதலில் பாடிவிட்டு இதற்கு வர வேண்டும். ஐந்து நிமிஷம் முன்னால் பசியில் அழுதவள் இவள் என்று தெரிந்தால், ‘எப்பேர்ப்பட்ட சாப்பாடு!’ என்று அவள் பூரிப்பது வேறு மாதிரி கேட்கும். சிரிப்பு குறையாது, தொண்டையில் கொஞ்சம் மாட்டும்.

ரொஸ்ஸீனியின் ரோசீனாவும் நம்ம ஆளுதான். 1816இல் தாழ்ந்த குரலுக்கு எழுதிய அவளது பாட்டைப் பின்னால் சொப்ரானோக்கள் அரைக்கட்டை ஏற்றி, உச்சியில் சங்கதிகள் சேர்த்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். பறவை மாதிரி இனிக்கிறது, சரி. ஆனால் அவளிடம் இருக்கிற அந்தக் குறும்பான மிரட்டல் கீழ் ஸ்தாயியில்தான் இருக்கிறது. 1920களில் கொன்சிதா சுப்பெர்வியா அதை மீட்டுக்கொண்டு வந்தார்.

சத்தமே இல்லாத சந்தோஷம் வேண்டுமென்றால் ரெய்னால்டோ ஆனின் ‘ஆ க்ளோரிஸ்’. சுமார் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். பியானோ பாக் காலத்து நடையில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பாடகி நடுவில் வந்து, நீ என்னைக் காதலிப்பது நிஜமானால் ராஜாக்களுக்குக்கூட இந்தச் சுகம் வாய்க்காது என்று கிட்டத்தட்டப் பேசிவிட்டுப் போவார். காட்டிக்கொள்ள ஒரு உச்ச ஸ்வரம்கூட இல்லை. போட்டிக்கு இதை எடுத்துப் போக வேண்டாம், பரிசு கிடைக்காது. சாயங்காலம் நாலு நண்பர்கள் இருக்கும்போது பாடுங்கள்.