உறைதல்: கீறலுக்கு அஞ்சும் பொருள்கள் குறித்து

ஐபாட் செத்துவிட்டது. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் அதை வெளியிட்டது. 2022 மே மாதம் அதற்கு முடிவுரை எழுதியது. சட்டைப்பைக்குள் ஆயிரம் பாடல்கள் என்ற ஆரவாரமெல்லாம் அடங்கியாயிற்று. ஆனால் அதற்கு மாட்டிய சிலிக்கோன் உறைகள் சாகவில்லை. பிளாஸ்டிக் வாளியைப் போல் உருக்கி மறுபடி வார்க்க முடியாத பொருள் அது. சூட்டில் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். உடல் போய்த் தோல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 'ஓர் உறையைப் பற்றியெல்லாமா எழுதுவது, வேற வேலையில்லையா?' என்று தோழர்கள் கேட்கக்கூடும். ஒரு பொருளின் மீது யாருடைய கை படலாம், யாருடைய கை பட்டது தெரியக்கூடாது என்பது அரசியல் இல்லையென்றால் வேறு எதுதான் அரசியல்?

முதல் ஐபாடின் முன்பக்கம் வெள்ளை. பின்பக்கம், நம் வீடுகளில் எவர்சில்வர் என்கிறோமே, அந்த உலோகம், முகம் பார்க்கலாம். அந்தப் பளபளப்பு தானாக வந்ததல்ல. ஜப்பானின் நீகாத்தா மாகாணத்தில் த்சுபமே என்றொரு ஊர். ஒரு காலத்தில் ஆணி அடித்த ஊர். பிறகு கரண்டியும் முள்கரண்டியும் செய்த ஊர். அங்குள்ள சிறு பட்டறைகளில், சுழலும் மெருகுச் சக்கரத்தில் தகட்டைக் கையால் அழுத்திப் பிடித்துத் தேய்த்து எடுத்த பளபளப்பு அது. எவ்வளவு அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்பதைத் தொழிலாளியின் கண்ணும் விரலும்தான் தீர்மானிக்கும்.

இப்படி உண்டான கண்ணாடியை வாங்கியவர் என்ன செய்தார்? நாலு நாளில் கீறல் விழுவதைப் பார்த்துப் பதறி, கடைக்கு ஓடி, சிலிக்கோன் உறை ஒன்றை வாங்கி இழுத்து மாட்டினார். திரைக்கும் சக்கரத்துக்கும் ஒயருக்கும் மட்டும் திறப்பு; மற்றதெல்லாம் மூடல். கண்ணாடிக்காகக் காசு கொடுத்தவர், கண்ணாடியைக் காப்பாற்றக் கண்ணாடியையே மறைத்துவிட்டார். பாட்டுக் கேட்பது என்ற பயன்மதிப்புக்கு முதுகில் விழும் கீறல் ஒரு பொருட்டே அல்ல. அதனால் சுருதி பிசகப்போவதில்லை. கீறல் காயப்படுத்துவது பரிவர்த்தனை மதிப்பைத்தான். தன் கையிலிருக்கும் பொருளை, நாளைக்கு அதை வாங்கப்போகிற முகம் தெரியாத இன்னொருவனின் கண்ணால் பார்க்கப் பழகுகிறான் நுகர்வோன். தன் பொருளுக்கே அவன் காவல்காரன்.

2005 செப்டம்பரில் ஐபாட் நானோ வந்தது. திரை கீறிப்போய் எழுத்தே தெரியவில்லை என்று அடுத்த மாதமே அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. 2009இல் 2.25 கோடி டாலருக்குச் சமரசம் பேசப்பட்டது: உறையில்லாமல் நானோ வாங்கியவருக்கு 25 டாலர், உறையோடு வாங்கியவருக்கு 15 டாலர் என்று கணக்கு. கீறலுக்கு விலை, கீறாமலிருக்கவும் விலை. புழங்கினதின் அடையாளம் சட்டமொழியில் நஷ்டமாகிவிட்டது.

தமிழில் 'உறை' என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். வாளுக்கு உறை, தலையணைக்கு உறை. உறைதல் என்றால் வசித்தல், உறைவிடம் என்கிறோம். உறைதல் என்றால் இறுகிப்போதலும்தான். பால் உறைகிறது, இரத்தம் உறைகிறது. மூடுதல், வாழ்தல், இறுகுதல் மூன்றும் ஒரே ஒலிக்குள் கிடக்கின்றன. வால்டர் பெஞ்சமின் தன் முடிவுறாத பாரிஸ் ஆய்வுக் குறிப்புகளில் ஏறக்குறைய இதே முடிச்சைத்தான் தொடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாளிய மனிதனுக்கு வீடே ஓர் உறை. அதற்குள் சட்டைப்பைக் கடிகாரம் முதல் வெப்பமானி வரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உறை. அந்த உறைகளின் துணி, தொட்டால் தடம் பதியும் பட்டுச்சொரசொரப்பு. வாழ்வதென்றால் தடம் விடுவது என்றிருந்த காலம். அதற்கு நேரெதிராக அவர் 1933இல் கண்ணாடியைச் சொன்னார்: எதுவும் ஒட்டாத பொருள். சிலிக்கோன் உறையின் விசேஷம், அது இரண்டையும் கலந்துகட்டியதுதான். வடிவம் பழைய உறையினுடையது, மறதி கண்ணாடியினுடையது. கழுவினால் எவர் கையும் பட்டதில்லை என்றாகிவிடும்.

தோல் உறை அப்படியில்லை. டிரான்சிஸ்டர் ரேடியோக்களுக்கு ஒலிபெருக்கிப் பக்கம் துளையிட்ட தோல் உறை இருந்தது. வியர்வை பட்டுப்பட்டு அது கறுக்கும், மடிப்பில் வெடிக்கும். அதில் இன்னொரு கையும் இருந்தது, தோலைப் பதனிட்டவரின் கை. அந்தக் கையைத் தீட்டு என்று தள்ளிவைத்த சமூகம், அந்தக் கை தந்த உறையை மட்டும் கூசாமல் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தது. சிலிக்கோனுக்கு அந்தக் கூச்சம்கூடத் தேவையில்லை. மணலிலிருந்து பிரித்த சிலிக்கனில் பிறந்தது, அச்சில் வார்த்தது, சாதியில்லை, ஊரில்லை, வாசனையில்லை. சுத்தம்!

ஆனால் தீட்டு எங்கும் போய்விடவில்லை, தொழிற்சாலைக்குள் போயிருக்கிறது. மின்னணுத் தொழிற்கூடத்தில் தொழிலாளி கையுறையும் தலைமூடியும் போட்டுக்கொள்வது பெரும்பாலும் அவரைக் காப்பாற்ற அல்ல, அவருடைய வியர்வையிலிருந்தும் முடியிலிருந்தும் பொருளைக் காப்பாற்ற. முதல் உறை மாட்டப்படுவது மனித உடலுக்கு. ஐபாட் கோத்த ஷென்ஜென் லோங்ஹுவா ஃபாக்ஸ்கான் ஆலையைப் பற்றி 2006இல் பத்திரிகைகள் எழுதியபின் ஆப்பிளே விசாரித்தது. வாரத்துக்கு 60 மணி நேரம் என்ற அதன் சொந்த வரம்பே 35 விழுக்காடு நேரங்களில் மீறப்பட்டிருந்ததை அதன் அறிக்கை ஒப்புக்கொண்டது. அதே ஃபாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் கைபேசி கோத்த பெண்கள் 2021 டிசம்பரில் சாலையை மறித்தார்கள்; விடுதிச் சாப்பாட்டில் நஞ்சாகி நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். பொருளுக்குக் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள். இவர்களுக்கு விழுந்த கீறலுக்கு எந்த உறை?

இதற்கு மறுப்பும் உண்டு. 1997இல் ஸ்டூவர்ட் ஹாலும் நண்பர்களும் சோனி வாக்மேனை முன்வைத்து ஒரு நூலே எழுதினார்கள். நுகர்வோர் வெறும் பொம்மைகள் அல்ல, அவர்களும் அர்த்தம் உண்டாக்குகிறார்கள் என்றார்கள். ஒத்துக்கொள்கிறேன். எல்லோர் கையிலும் ஒரே வெள்ளைப் பெட்டி இருந்தபோது, பச்சை உறை மாட்டிய பெண் 'இது என்னுடையது' என்றுதான் சொன்னாள். கஷ்டப்பட்டுச் சேர்த்த காசில் வாங்கிய பொருள் கீழே விழுந்து உடையக்கூடாதே என்ற பயத்தையும் நான் கிண்டல் செய்யமாட்டேன். அது உழைப்பின் மீதான மரியாதை. ஆனால் 'என்னுடையது' என்பதை அவள் கை சொல்லவில்லை, கடையில் வாங்கிய நிறம் சொல்லிற்று. கை சொல்லியிருந்தால் அதற்குப் பெயர் கீறல்.

கடைசியாக ஒன்று. சிலிக்கோன் உறைக்குத் தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும் குணம் உண்டு. உறைக்கும் எஃகுக்கும் நடுவே நுழைந்த துகள், அசையும்போதெல்லாம் உள்ளே அரைத்துக்கொண்டே இருக்கும். ரொம்ப நாள் கழித்து உறையைக் கழற்றினால் பளபளப்பின் மேல் மெல்லிய கீறல்கள். த்சுபமேக்காரரின் கையை மறைத்தாயிற்று, நம் கையைத் துடைத்தாயிற்று. அப்படியும் தடம் விழுந்துவிட்டது. யாருக்கும் சொந்தமில்லாத தடம். அதைவிட, நம் கைபட்டே கீறியிருக்கலாம்.