பேர் போட்ட ஏடுகள்

இலங்கை மலையகத்தின் திம்புள்ள தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்றால் ஆளின் பெயர் மட்டுமல்ல, ஒரு நாள் கூலியும்தான். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுப்பார்கள். கொழுந்து நிறை சரியாக இருந்தால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் முழுப்பேர் விழும்; குறைந்தால் அரைப்பேர். பெயரும் கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட இந்த மலையில் பாட்டன் பூட்டனின் பெயரைத் தேடிப் போவதற்குத் தனிக் கைப்பக்குவம் வேண்டும். பழைய கடிதத்தையும் பழைய ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்தவர்களுக்கே அது வாய்க்கும்.

வெள்ளைக்காரத் துரையின் வம்சத்தைத் தேடுபவருக்கு வேலை எளிது. குடும்பப் பெயர் ஒன்று தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும். தமிழரிடம் அப்படியில்லை. அப்பன் பேர் மகனுக்கு முன்னால் நிற்கும்; பேரன் காலத்தில் கழன்றுவிடும்.

கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் குடும்பத்தையே பாருங்கள். 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்கு இலங்கை வந்த பாட்டனார் பெரியசாமி சின்னசாமி. அவர் மகன் சின்னசாமி முத்தையா. அவர் மகன்தான் பந்து வீச்சாளர். மூவருக்கும் பொதுவான பெயர் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொருவர் பெயரிலும் இரண்டு தலைமுறை இருக்கிறது. தேடுபவருக்குக் குடும்பப் பெயரைவிட இது நல்ல பிடி என்றே சொல்ல வேண்டும். குடும்பப் பெயர் குலத்தைச் சொல்லும். இந்த முறை தகப்பன் யார் என்பதையே சொல்லிவிடுகிறது.

மலையகத்தில் விதிவிலக்கும் உண்டு. 1947இல் நுவரெலியாவில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை பெயர் கருப்பையா. ‘தொண்டமான்’ என்ற பட்டம் பேரன் ஆறுமுகனுக்கும், அவர் மகன் ஜீவனுக்கும் குடும்பப் பெயராகவே வந்து சேர்ந்தது. லயம் எனும் வரிசை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை.

செக்ரோலில் ராமசாமிகளும் லெட்சுமிகளும் நிறைந்திருப்பார்கள். அனுபவசாலி முதலில் தொழிலாளரைத் திரட்டி வந்த கங்காணியின் பெயரைத்தான் பார்ப்பார். கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊரிலும் உறவிலும்தான் ஆள் கட்டினார்கள். கங்காணியின் ஊர் தெரிந்தால் அந்த ராமசாமியின் ஊரும் பெரும்பாலும் பக்கத்தில்தான்.

மிச்சத்தை ஊரிலிருந்து வந்த கடிதம் சொல்லும். உச்சியில் பிள்ளையார் சுழி. அடுத்து ‘ம.ரா.ரா.ஸ்ரீ’ என்ற மரியாதை. பிறகு இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல். அதற்குக் கீழேதான் புதையல்: மச்சானுக்கு, சின்னாத்தாவுக்கு, பெரிய மாமனுக்கு என்று வரிசையாகச் சொல்லியனுப்பும் விசாரிப்புகள். தகப்பன் பேர்ச் சங்கிலியில் பெண்களுக்கு இடமே கிடையாது. யார் யாருக்கு மச்சான் என்று தெரிந்தால்தான், எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பது தெரியும். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வரச்சொல்லி ஒரு வரி இருந்தால், ஊரும் கிடைத்துவிடும்.

தேதியில்தான் பலரும் வழுக்கி விழுவார்கள். ‘பிலவ வருஷம், ஆடி’ என்று மட்டும் எழுதியிருக்கும். பிலவ 60 ஆண்டுக்கு ஒருமுறை வருவது, 1901ஆ, 1961ஆ? தபால்தலையைப் பார்த்தால் போதும். விக்டோரியா ராணியின் தலை இருந்தால் முன்னது. சுதந்திர இந்தியாவின் தபால்தலை என்றால் பின்னது.

ஜில்லாவும் ஏமாற்றும். நாமக்கல் தாலுகா 1910 முதல் 1929 வரை திருச்சி ஜில்லாவில் இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் சேலம் ஜில்லா. 1915ஆம் ஆண்டுப் பதிவில் ‘திருச்சி’ என்று கண்டு, திருச்சியைச் சுற்றிச் சுற்றித் தேடினால் ஊர் அகப்படாது.

இந்தக் காகிதங்களை மலையக மக்கள் ஏன் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்தார்கள் என்பதற்கு வலியான காரணம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தவரும் பிரசாவுரிமை பெறத் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். அடுத்து 1949ஆம் ஆண்டுச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மற்றவர் 10 ஆண்டும் தொடர்ந்து வசித்ததற்குச் சான்று கேட்டது. 8 லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக மனுக்கள் போயின. பிரசாவுரிமை கிடைத்ததோ சுமார் 1,34,000 பேருக்குத்தான். இன்றும் இலங்கைப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், ஆண்டு, இடம் எழுத இடம் உண்டு. தேடுபவருக்கு அந்த ஒரு கட்டம் பொன்.

கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில், பழைய லயம் ஒன்றையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி இத்தகைய பொருள்களைப் பேணுகிறார்கள். ஆனால் இன்னும் எத்தனையோ பெட்டிகள் தலவாக்கலையிலும் லிந்துலையிலும் வட்டகொடையிலும் வீட்டுப் பரண்களில்தான் கிடக்கின்றன. லயத்தை விட்டுத் தனிவீட்டுக்குக் குடிபோகிறவர்கள் அந்தப் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். கடிதத்தை வைத்துக்கொண்டு உறையை எறிந்துவிடாதீர்கள். தபால்தலையும் முத்திரையும் உறையில்தான் இருக்கின்றன.