வாசலுக்கு அப்பால் ஒரு மலைக்கோடு

எங்கள் ஊவா மலைப் பக்கத்தில் குதிரை என்றாலே தோட்டத் துரைதான். தெமோதரையைச் சுற்றியுள்ள பழைய தோட்டங்களில், பங்களாவுக்குப் பின்னால் குதிரை கட்டிய இடத்தைக் கிழவர்கள் இன்னும் லாயம் என்று காட்டுவார்கள். அங்கிருந்து சரிவில் இறங்கினால் தொழிலாளர் குடியிருக்கும் லயம். இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு துணைக்கால்தான். துரை மலைக்கு வரும்போது கொழுந்து கிள்ளுகிறவர்கள் தலை நிமிராமலே, குளம்புச் சத்தத்தை வைத்து அவர் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடுவார்களாம். இதைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால்தானோ என்னவோ, லெனார்ட் வுல்ஃப் 1961இல் வெளியிட்ட ‘குரோயிங்’ என்ற தன்வரலாற்று நூலில் வரும் ஒரு குதிரைக் காட்சியைத் தாண்டிப் போக எனக்கு வெகுநாளாயிற்று.

வுல்ஃப் லண்டனில் பிறந்த யூதர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, வோல்டேரின் நூல்கள் 90 தொகுதிகளோடு கப்பலேறி, 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு அரசாங்க ஊழியராக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. ஒருநாள் அரசாங்க அதிபர் பிரைஸுடன் பிரதான வீதியில் குதிரையில் போகிறார். ஒரு வீட்டின் விறாந்தை தெருவுக்குள் நீண்டிருப்பதைக் காட்டக் கையிலிருந்த சவுக்கை நீட்டுகிறார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த வழியே வந்த வழக்கறிஞர் சந்தரசேகராவின் முகத்தில் அவர் சவுக்கால் அடித்தார் என்று யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் முறைப்பாடு செய்தது.

நான் அடிக்கவில்லை, முறைப்பாடு பொய் என்று எழுதி அந்தக் கதையை அவர் முடித்திருக்கலாம். சொன்னது உண்மையாகவும் இருந்திருக்கும். வுல்ஃப் அங்கே நிற்கவில்லை. அவர்களுடைய ஊரில், அவர்களுடைய பெரிய தெருவில், நான் குதிரைமேல் அப்படி உட்கார்ந்திருந்ததே முகத்தில் அறைந்தது போலத்தானே என்று எழுதுகிறார். பேரரசின் ஊழியனான தனக்குள் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஐயம் எட்டிப்பார்த்ததாகவும் சொல்கிறார். இந்த இடத்தின் நயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். அடித்தார் என்பது தவறு; அடிபட்டோம் என்பது சரி. இரண்டையும் ஒரே வாக்கியத்துக்குள் வைத்து, எதையும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காமல் எழுதியிருக்கிறார். சவுக்கு இருந்த கையைவிடச் சேணத்தின் உயரம்தான் குற்றம் என்று கண்டுகொண்ட ஒரு துரையை நான் வேறெந்தப் புத்தகத்திலும் சந்தித்ததில்லை. எங்கள் பாட்டிமார் நூறு வருசம் சொல்லத் தெரியாமல் சுமந்ததை, மேலே இருந்தவரே சொல்லிவிட்டார்.

பிறகு கண்டி. அங்கே போகம்பறைச் சிறையில் தூக்குத்தண்டனைகளை முன்னின்று நடத்துவதும் அவர் கடமை. அந்தக் காலைகள் கடைசிவரை அவரை விடவில்லை. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். உப்பளம், மாட்டுக் கொள்ளைநோய், கதிர்காம யாத்திரை, பள்ளிக்கூடம் எல்லாம் அவர் தலையில்தான். அந்தப் பதவியில் இருப்பவர் நாட்குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அன்றைய விதி. எத்தனை மைல் போனேன், குளத்தில் எவ்வளவு தண்ணீர், யார் வந்து என்ன கேட்டார் என்று அவர் எழுதியவை பிற்பாடு அச்சிலும் வந்தன. அவர் பத்திரிகைத் தொழிலைக் கற்றது லண்டனில் அல்ல, அம்பாந்தோட்டையில் என்றே நினைக்கிறேன். கண்ணால் கண்டது முதலில், கருத்து அதற்குப் பின்னால் என்ற ஒழுங்கு அந்தக் குறிப்புகளிலேயே இருக்கிறது.

1912இல் வேலையை விட்டார். அதே ஆண்டு எழுத்தாளர் வெர்ஜீனியாவை மணந்தார். அதற்குப் பிறகு ஐம்பது வருசத்துக்கு மேல் எழுத்தும் அரசியலும்தான். ‘தி நேஷன்’ இதழின் இலக்கிய ஆசிரியர், ‘பொலிட்டிக்கல் குவாட்டர்லி’யின் இணையாசிரியர், தொழிற்கட்சியின் சர்வதேச, பேரரசு விவகார ஆலோசனைக் குழுக்களுக்கு நெடுங்காலம் செயலாளர். இலங்கையில் 1915 கலவரத்தின்போது நடந்த இராணுவச் சட்டக் கொடுமைகளுக்கு விசாரணை கேட்டு இலங்கைத் தலைவர்கள் டி. பி. ஜயதிலகவும் ஈ. டபிள்யூ. பெரேராவும் லண்டன் போனபோது அவர்களோடு நின்று வாதாடினார்.

நான் திரும்பத் திரும்ப வாசிப்பது தொழிற்கட்சிக்காக 1938இல் அவர் எழுதிய இலங்கை பற்றிய குறிப்பை. தன்னாட்சி கொடுங்கள் என்கிறார். சிறுபான்மையினருக்காக அதிகாரப் பரவலையோ சுவிட்சர்லாந்து மாதிரியான சமஷ்டியையோ யோசியுங்கள் என்றும் சேர்க்கிறார். சுவிஸை ஏன் சொல்கிறார் என்பதற்கு அவர் தரும் காரணத்தில், ஒரே நாட்டில் வாழும் சமூகங்கள் அளவில் மிகவும் வேறுபட்டவை என்பது முதலில் வருகிறது. இனம், மொழி, சமயம் அதற்கு அடுத்துத்தான். மொழிச் சண்டையென்றும் மதச் சண்டையென்றும் நாம் வருசக்கணக்காகப் பேசியதில், பெரியது சிறியது என்ற கணக்கை அவர் அன்றைக்கே முன்னால் எடுத்து வைத்துவிட்டார். அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பத்தே வருசத்தில், 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலையகத்தின் முதல் பத்திரிகைப் போராளி கோ. நடேசய்யர்தான். துணி வியாபாரி போலத் தோட்டத்துக்குள் நுழைந்து நிலைமையைப் பார்த்து, ‘தேசபக்தன்’ நடத்தியவர். அவர் நடந்து வந்தவர். வுல்ஃப் குதிரையிலிருந்து இறங்கியவர். இறங்கியவரும் அச்சத்தை அறியாதவரல்ல. 1940இல் ஜெர்மன் படை இங்கிலாந்தில் இறங்கும் என்ற நிலையில், ஒரு யூதனுக்கு என்ன நேரும் என்று தெரிந்து, கணவனும் மனைவியும் சேர்ந்து உயிரை விடுவதற்காகக் கார் கொட்டகையில் பெட்ரோல் சேர்த்து வைத்திருந்த மனிதர் அவர்.

ஆனால் அவருடைய கண் என்ன கண் என்று அறிய, இதற்கெல்லாம் முன்பே, 1913இல் வந்த ‘காட்டினிலே ஒரு கிராமம்’ என்ற அவருடைய ஆங்கில நாவலுக்குத்தான் போக வேண்டும். சிலிந்து, பபுன் என்ற இரண்டு கிராமத்தவர்மேல் பொய்த் திருட்டு வழக்கு. ஊருக்கு மேலே குன்றில் நீதிமன்றம். திறந்த கதவுகள் வழியாக நீதிபதியின் ஆசனத்திலிருந்து பார்த்தால் நீலக் குடாக்கடல், சிவப்புக் கூரைகள், முடிவில்லாத சாம்பல் நிறக் காடு, அதற்கும் அப்பால் மங்கலாக ஒரு மலைக்கோடு. நீதிபதி பார்க்கும் காட்சியாகத்தான் அது தொடங்குகிறது. மெல்ல, நாம் அறியாமலே, கண் கைமாறிவிடுகிறது. புரியாத பேச்சு உள்ளே நடந்துகொண்டிருக்க, குற்றம் சாட்டப்பட்டவர்களின் பார்வை ஆடும் தோணிகளுக்கும், கரைவலை இழுக்கிறவர்களுக்கும், தங்கள் காட்டின்மேல் எழும் புழுதிக்கும் போகிறது. அதே வாசல்தான், அதே கடல்தான். ஆசனத்துக்கும் கூண்டுக்கும் இடையே வுல்ஃப் எழுந்து நடந்து போன ஓசைகூடக் கேட்காது.

அந்த மலைக்கோடு ஊவா. நாங்கள்.

ஹப்புத்தளைப் பக்கம் வானம் தெளிந்த காலைகளில் தெற்கே கடல் மினுங்கும். ஒருமுறை அந்த நாவலை அங்கே கொண்டுபோய் அதே பக்கத்தை எதிர்ப்புறத்திலிருந்து வாசித்தேன். தூரத்தில் காடு அவர் சொன்ன சாம்பல் நிறத்தில்தான் கிடந்தது. எனக்குக் கீழே, தேயிலைச் செடிகளின்மேல் மட்டக்கம்பைப் போட்டுப் பெண்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.