சேர்க்கைப் பருவத்துப் பேச்சு

தை அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் சம்பா மூட்டைகள் முறைக்குக் காத்துக் கிடக்கும் மாசி மாதத்திலேயே, தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் செல்லும் சாலைகளின் இரு மருங்கிலும் தனியார் பள்ளிகளின் ஃபிளெக்ஸ் பலகைகள் முளைத்துவிடுகின்றன. 'அட்மிஷன் நடைபெறுகிறது' என்ற வாசகத்துக்கு மேலே நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளின் புகைப்படமும், கீழே கைப்பேசி எண்ணும் இருக்கும். அந்த எண்ணை யாரும் அழைக்காவிட்டாலும், சித்திரை பிறப்பதற்குள் ஆசிரியைகள் இருவர் ஊருக்கே வந்து, திண்ணையில் அமர்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, பிள்ளையின் பெயரையும் வயதையும் குறித்துக்கொண்டு போவார்கள். பெற்றோருக்கும் பள்ளி அலுவலகத்துக்கும் இடையே நடைபெறும் இந்தச் சம்பாஷணையின் குணமும் குற்றமும் நிதானமாக ஆராயத் தக்கவை.

குணத்தை முதலில் சொல்வதே முறை. கணித மேதை ராமாநுஜன் பயின்ற கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் போன்ற பழைய ஸ்தாபனங்கள் பெருமையோடு விளங்கிய காலத்தில், பள்ளியைத் தேடிப் பெற்றோர் போனார்களேயன்றிப் பெற்றோரைத் தேடிப் பள்ளி வந்ததில்லை. எழுத்தறியாத ஒரு கூலி விவசாயி தலைமை ஆசிரியர் அறையின் வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பதற்கே கூசினான். இன்று அதே விவசாயியின் பேத்தியைச் சேர்க்கும்படி கேட்டு, படித்த பெண்கள் அவன் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள் என்றால், அதில் வியாபார நோக்கம் எவ்வளவு கலந்திருந்தாலும், ஒரு கௌரவமும் சேர்ந்தே வருகிறது. தவிர, இந்தப் பேச்சு பெரும்பாலும் தாயிடம் நடைபெறுகிறது. வேன் எந்த முக்கில் நிற்கும், உடன் ஆயா வருவாளா, பிள்ளையை அடிப்பார்களா, கட்டணத்தை எத்தனை தவணையில் கட்டலாம் என்று அவள் கேட்கும் கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்களும் இப்போது மாணவர் சேர்க்கைப் பேரணி நடத்துவதிலும் வீடு வீடாகச் சென்று விளக்குவதிலும் காட்டும் சிரத்தைக்கு, தனியார் பள்ளிகளின் இந்த முயற்சியும் ஒரு தூண்டுகோல் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால், பேசப்படுவது எது, பேசப்படாதது எது என்று பிரித்துப் பார்க்கும்போது விஷயம் வேறு விதமாகத் தெரிகிறது. ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ், ஆறாம் வகுப்பிலிருந்தே நீட் பயிற்சி என்று, சரிபார்க்க இயலாதவையெல்லாம் உரத்த குரலில் சொல்லப்படுகின்றன. சரிபார்க்கக் கூடியவையோ சொல்லப்படாமலே நின்றுவிடுகின்றன. பல அலுவலகங்களில் பெற்றோர் கையில் தரப்படும் சீட்டைப் பாருங்கள்: கல்விக் கட்டணம் மட்டும் அச்சில் இருக்கும், புத்தகம், சீருடை, வேன், 'ஆக்டிவிட்டி' ஆகியவை பேனாவால் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கும், கூட்டுத் தொகையோ வாய்மொழியாகவே வரும். ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் உரிய கட்டணத்தை ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியைத் தலைவராகக் கொண்ட குழுவே நிர்ணயிக்க வேண்டும் என்றும், அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்றும் 2009-இல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. அந்தக் குழுவின் ஆணையைப் பற்றி ஒரு வார்த்தை திண்ணைப் பேச்சில் வருவது அபூர்வம்.

இலவச இடங்களின் கதையும் இதுவே. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலான தனியார் பள்ளிகள் நுழைவு நிலை வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் நலிந்த பிரிவினருக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். காவிரி டெல்டாவின் சிறு விவசாயக் குடும்பங்களில் பல இந்த வரம்புக்குள் அடங்கும். 2025-இல் மத்திய, மாநில அரசுகளின் நிதிப் பிணக்கால் இச்சேர்க்கை கோடையில் நடவாமல் அக்டோபரில்தான் தொடங்கியது. அத்தகைய குழப்பமான வேளையிலேதான் பெற்றோருக்கு விளக்கிச் சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார். கட்டணம் கட்டும் பிள்ளைக்காக ஐந்து முறை தொலைபேசியில் அழைக்கும் அலுவலகம், இந்த இடங்களைப் பற்றித் தானாக ஒரு முறையும் அழைப்பதில்லை. சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுக்கு உட்படுத்தக் கூடாது என்று அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுத்திருக்க, 'இன்டராக்ஷன்' என்ற பெயரில் அது தொடர்வதும் நாம் காணாததல்ல.

கேள்வி கேட்க அறியாத ஜனங்கள் அல்லர் இவ்வூர்க்காரர்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கருவி காட்டினால், மறுபடி அளக்கச் சொல்லி வாதாடுவார்கள். மழைக் காலத்தில் வரம்பைத் தளர்த்தக் கோரிச் சாலையில் உட்காருவார்கள். அவர்களே சேர்க்கை மேஜைக்கு முன்னால் வாய் மூடி நிற்பதன் காரணம், கேட்டால் இடம் போய்விடுமோ என்ற அச்சம்தான். "இன்னும் நாலு சீட்டுதான் இருக்கு, அண்ணே, அட்வான்ஸ் போட்டு முடிச்சு வச்சிருங்க" என்ற பேச்சு அந்த அச்சத்தை வளர்க்கிறது. நெல் விற்ற பணம் கைக்கு வரும் மாசி, பங்குனியில் முன்பணம் கேட்கப்படுவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மிச்சத் தவணையோ, ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பதை எதிர்பார்த்துக் குறுவைக்கு உழவும் விதையும் செலவு வைக்கும் சமயத்தில் வந்து நிற்கிறது. வீட்டு நகை கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது. இடையில் மனம் மாறினால் முன்பணம் திரும்புமா என்பதற்கு எழுத்தில் பதில் இராது.

பெற்றோர் பக்கமும் தவறு இல்லாமல் இல்லை. பிள்ளை ஆங்கிலம் பேசுமா, எத்தனை பேர் நானூற்றைம்பதுக்கு மேல் வாங்கினார்கள் என்ற இரண்டு கேள்விகளோடு அவர்களுடைய விசாரணை முடிந்துவிடுகிறது; கட்டடத்தின் பாதுகாப்பு அதில் இடம்பெறுவதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் நெருக்கி நடந்ததும், படிக்கட்டு குறுகியிருந்ததும் அன்றாடம் கண்ணுக்குத் தெரிந்த விஷயங்கள். ஆயினும் அவற்றைக் கேட்க வேண்டும் என்று பெற்றோருக்குத் தோன்றும்படி யாரும் சொல்லி வைக்கவில்லை. கேட்டறிய வேண்டிய பொறுப்பு முதன்மையாக அரசினுடையது. பெற்றோரைக் குற்றம் சாட்டுவது என் கருத்தன்று. கட்டடத்தின் உறுதி, தீயணைப்புச் சான்று போன்றவை சேர்க்கைப் பேச்சின் பகுதியாக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான காரணம் தேவையில்லை.

சி.பி.எஸ்.இ. வாரியம் தன் பள்ளிகள் கட்டணம், ஆசிரியர் விவரம், பாதுகாப்புச் சான்றுகள் முதலியவற்றை இணையத்தில் கட்டாயமாக வெளியிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. விதி நல்லதே; ஆனால் ஆங்கிலத்தில், இணையப் பக்கத்தின் அடியில் கிடக்கும் அந்த விவரம் ஒரத்தநாட்டுத் தாய்க்கு எட்டுவதில்லை. ஆசிரியைகள் திண்ணைக்குக் கொண்டுவரும் வண்ணத் துண்டறிக்கையோடு, பள்ளியின் முத்திரையிட்ட ஒரு தமிழ்த் தாளும் வரட்டும்: அங்கீகாரம் எந்த ஆண்டு வரை, குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு, மற்றச் செலவுகள் என்னென்ன, இலவச இடங்கள் எத்தனை, முன்பணம் எப்போது திரும்பும், தீயணைப்புச் சான்றின் தேதி என்ன என்ற ஆறு வரிகள் போதும். வீடு தேடி வரும் நல்ல வழக்கத்தை யாரும் கைவிட வேண்டியதில்லை. வாயால் சொன்னதற்குக் கையெழுத்தால் பொறுப்பேற்கும் பள்ளியையே பெற்றோரும் தேர்ந்தெடுப்பது என்று தீர்மானித்துவிட்டால், மற்றப் பள்ளிகளும் அந்தத் தாளை அச்சடிக்க வெகு நாள் ஆகாது.