தகடூர்ப் போரும் கணினிப் போர் விளையாட்டும்: புறத்திணை நோக்கில் ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

ஒருவர் நகர்த்தி முடித்தபின் மற்றவர் நகர்த்தும் முறையில் அமைந்த கணினிப் போர் விளையாட்டுகளில் இன்று சோழருக்கும் இடம் கிடைத்துள்ளது. அவ்விளையாட்டுகள் தமிழரின் பெயர்களை ஏற்ற அளவுக்குத் தமிழரின் போர் இலக்கணத்தை ஏற்கவில்லை என்பதைத் தகடூர் சார்ந்த சங்கப் பாடல்களை அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புறத்திணை, தகடூர், நடுகல், கையறுநிலை, கணினி விளையாட்டு.

முன்னுரை

சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டத்தில் உள்ள நெசவூர் ஜலகண்டாபுரம். அதற்கு வடகிழக்கே உள்ள தருமபுரியே சங்க இலக்கியம் பேசும் தகடூர். 1965இல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை இரண்டும் ஒரே சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அதியமான் மரபினரின் தகடூரை வென்ற சேரன், 'தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை' என்றே அறியப்படுகிறான். இப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சியுள்ளன. எனினும் பதிற்றுப்பத்தும் புறநானூறும் தகடூரை மறக்கவிடவில்லை. இத்தகைய போர் ஒன்று கணினி விளையாட்டாக உருப்பெற்றால் எது எஞ்சும், எது விடுபடும் என்பது ஆராயத்தக்கது.

திணையும் ஆட்டமுறையும்

1991இல் தொடங்கிய 'சிவிலைசேஷன்' தொடர் இவ்வகை விளையாட்டுகளுள் பெயர்பெற்றது. நிலம் கட்டங்களாகப் பகுக்கப்படும். படைகள் முறைவைத்து நகரும். ஒவ்வொரு படைக்கும் வலிமை எண்ணால் குறிக்கப்படும்.

இவ்வமைப்பு தமிழ் மரபுக்கு முற்றிலும் அயலானது அன்று. புறப்பொருள் வெண்பாமாலை போரை எதிரெதிர்ச் செயல்களாகவே வகுக்கிறது. ஆநிரை கவர்தல் வெட்சி எனின், மீட்டல் கரந்தை. படையெடுத்தல் வஞ்சி எனின், எதிரூன்றல் காஞ்சி. மதிலை வளைத்தல் உழிஞை எனின், காத்தல் நொச்சி. ஒருவர் செயலுக்கு மற்றவர் மறுசெயல் என்னும் இந்த ஒழுங்கு ஆட்டமுறைக்கு நெருக்கமானது.

ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. திணைமரபில் தாக்குவோனுக்கு ஒரு பூவும் காப்போனுக்கு ஒரு பூவும் உண்டு. இருவர் செயலும் பாடத்தக்க ஒழுக்கமாகும். தனியொருவர் ஆடும்போது விளையாட்டில் எதிரி கடக்கப்பட வேண்டிய தடையாகவே நிற்கிறான்.

பெயர்களின் வரவு

2025 பிப்ரவரியில் வெளியான 'சிவிலைசேஷன் 7' சோழரைத் தனி அரசாகச் சேர்த்தது. கலம் என்னும் மரக்கலமும், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களின் பெயர்களும் அதில் இடம்பெற்றுள்ளன. கடல்வணிகத்தைச் சோழ அரசின் அடையாளமாக உணர்ந்தமை பாராட்டத்தக்கது. ஆனால் அப்பெயர்கள் எல்லா அரசுகளுக்கும் பொதுவான விதிகளுக்குள்ளேயே இயங்குகின்றன. அவற்றை நீக்கி வேறொரு நாட்டின் பெயர்களை வைத்தாலும் போரின் பொருள் மாறாது.

படைக்கலத்தின் மதிப்பும் இதைக் காட்டும். அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய்யணிந்து பொலிவதையும் அஞ்சியின் படைக்கலங்கள் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் ஒப்பிடுகிறார். புகழ்ச்சி போலத் தோன்றும் அக்கூற்று இகழ்ச்சியாகும். பயன்பட்டுச் சிதைந்ததே வலிமையின் சான்று என்பது அதன் குறிப்பு. விளையாட்டிலோ சேதமுற்ற படையின் வலிமை எண் குறைகிறது. ஔவையாரின் அங்கதத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

வீழ்ந்தோர் கணக்கு

'சிவிலைசேஷன் 7' விளையாட்டில் அழிந்த படை திரையிலிருந்து மறைகிறது; பொருள் இருந்தால் அதேபோன்ற இன்னொன்றை உருவாக்கலாம். படைத்தலைவன் வீழ்ந்தாலும் சில சுற்றுகளுக்குப் பின் மீள்கிறான். இழப்பு என்பது காலத்தாழ்வு மட்டுமே.

தகடூர்ப் பாடல்கள் வேறு கணக்கை வைக்கின்றன. வெற்றிபெற்ற இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடிய அரிசில்கிழாரே, தகடூரில் பொருது வீழ்ந்த எழினிக்குக் கையறுநிலையும் பாடினார். அதில் எழினியைக் கொண்டுசென்ற கூற்றுவனை, விதைநெல்லைத் தின்றுவிட்ட உழவனுக்கு அவர் ஒப்பிடுகிறார். விதை போனால் அடுத்த விளைவு இல்லை. வென்றவனைப் பாடிய புலவரே வீழ்ந்தவனின் இழப்பையும் ஈடற்றதாகக் காண்கிறார். ஔவையாரோ அஞ்சியின் நடுகல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைப்பதைப் பாடி ஆற்றாது வருந்துகிறார்.

தமிழ் மரபில் நடுகல் போரின் பின்விளைவு மட்டுமன்று. போரின் இலக்கணத்துக்குள் அடங்கியது. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் ஆறு நிலைகளை வெட்சித்திணையிலேயே வைக்கிறது. இவ்வுணர்வு வேந்தர்க்கு மட்டும் உரியதும் அன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல், வீரனோடு அவனுடைய நாயின் பெயரையும் பொறித்துள்ளது.

விளையாட்டு வடிவத்தால் இது இயலாது எனக் கூறுவதற்கில்லை. சோழரைத் திரைக்குக் கொண்டுவந்த அதே ஃபிராக்சிஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட 'எக்ஸ்காம்: எனிமி அன்னோன்' விளையாட்டும் முறைவைத்து ஆடுவதே. அதில் மாண்ட வீரர் மீள்வதில்லை. அவர்தம் பெயர்கள் நினைவுச்சுவரில் இடம்பெறுகின்றன. ஜப்பானிய 'ஃபயர் எம்ப்ளம்' தொடரும் 1990 முதலே வீழ்ந்தவரை இழப்பாகவே கருதும் விதியைக் கொண்டது. ஆகவே, சோழர் இடம்பெறும் விளையாட்டில் இறப்புக்கு எடையின்மை தொழில்நுட்பக் குறையன்று. விதி வகுத்தோரின் தேர்வு.

முடிவுரை

தமிழரின் போரைச் சித்திரிப்பது கப்பலுக்கும் கோயிலுக்கும் தமிழ்ப்பெயர் இடுவதோடு நிறைவுறாது. எதிர்த்து நின்றவனுக்கும் ஒரு திணை, வீழ்ந்தவனுக்கு ஒரு கல், வென்றவனைப் பாடிய வாயாலேயே ஒரு கையறுநிலை ஆகியவை அப்போரின் விதிகள். தகடூர் எறிந்தவனின் வெற்றியை மட்டும் ஆடக் கொடுக்கும் விளையாட்டு, அரிசில்கிழார் பாடியதில் பாதியையே அறிந்ததாகும்.