கோல்கொண்டாவின் அழுகை மரபு

சார்மினாரைப் பார்க்காத ஐதராபாத் தமிழர் இருக்கமாட்டார். அதைக் கட்டிய முகம்மது குலி குதுப் ஷா, அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில் எழுப்பிய பாதுஷாஹி ஆஷூர்கானாவுக்குள் கால் வைத்தவர்கள் நம்மில் குறைவு. 1591-ல் சார்மினார், அடுத்த சில ஆண்டுகளில் இந்தத் துக்க மண்டபம். கர்பலாவில் 680-ல் கொல்லப்பட்ட இமாம் ஹுசைனுக்காக முஹர்ரம் மாதத்தில் கூடி அழுவதற்கென்றே ஓர் அரசன் கட்டிய இடம். புதிய தலைநகரின் முதல் கட்டடங்களுள் ஒன்று துக்கம் காப்பதற்காக எழுந்திருக்கிறது!

அந்த அழுகைக்குள் அரசியலும் இருந்தது. 1501-ல் தப்ரீஸில் ஷா இஸ்மாயில் ஷியா நெறியை அரசு நெறியாக அறிவித்தார். பிஜப்பூரில் யூசுப் ஆதில் கானும் கோல்கொண்டாவில் சுல்தான் குலியும் அவ்வழியே குத்பா என்னும் வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையை மாற்றினார்கள். குத்பாவில் எவன் பெயர் வருகிறதோ அவனே அரசன். கலீபாக்களின் பெயரா, பன்னிரண்டு இமாம்களின் பெயரா என்பதைக் கொண்டு அவன் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். தக்காணத்தில் இது வெறும் சித்தாந்தச் சண்டையாக நிற்கவில்லை. இவ்விரு அரசுகளுக்கும் முன்னிருந்த பாமினி அரசவையிலேயே பாரசீகப் பக்கத்திலிருந்து வந்த ஆஃபாக்கிகளுக்கும், இந்த மண்ணில் வேர்விட்ட தக்னிகளுக்கும் ஓயாத பதவிப் போர். முன்னவரில் ஷியாக்கள் நிறைய. பின்னவர் பெரும்பாலும் சுன்னிகள். பேரமைச்சர் மகமூத் காவான் 1481-ல் ஒரு போலிக் கடிதத்தால் தலையிழந்தது இந்தப் பகையில்தான். பிஜப்பூரின் அரசு நெறி இருமுனைக்கும் மாறி மாறிச் சாய்ந்தது. கோல்கொண்டாவின் அரசர்கள் கடைசிவரை ஷியாக்களாகவே இருந்தார்கள்.

முகம்மது குலியின் பேஷ்வாவான (தலைமை அமைச்சர்) மீர் முகம்மது மோமின், ஈரானின் அஸ்தராபாத்காரர். அவர் காலத்தில் முஹர்ரம் அரச விழாவாக உருப்பெற்றது. முதல் இரவில் ஆயிரம் விளக்கு, அடுத்த இரவில் இன்னோர் ஆயிரம் என்று பத்தாம் நாள் பத்தாயிரம் விளக்குகள் ஆஷூர்கானாவில் எரிந்தன என்பார்கள். நகரில் இசைக் கருவிகள் ஓய்ந்தன. அரசன் கறுப்பு உடுத்தினான். அந்த மண்டபத்தின் சுவரில் பதித்த வண்ண ஓடுகளின் மேற்பகுதி இன்றும் மங்காமல் இருக்கிறது. கீழ்ப்பகுதியை 1908 மூசி வெள்ளம் கெடுத்துவிட்டது.

இந்த மரபின் உயிர் கட்டடத்தைவிடப் பாட்டில் இருக்கிறது. மழையையும் வசந்தத்தையும் தன் காதலியரையும் பாடிய முகம்மது குலியே மர்சியா என்னும் இரங்கற்பாக்களும் எழுதினான். பாரசீகம் அரசவையில் கோலோச்சிய நாளில் அவன் தேர்ந்தது தெருவில் பேசிய தக்னி மொழியை. அவன் பாடல்களை மருமகனும் அடுத்த அரசனுமான முகம்மது குதுப் ஷா தொகுத்தான். வஜ்ஹி, கவ்வாஸி முதலியோரும் மர்சியா பாடினார்கள். இந்தத் தக்னிப் பள்ளியின் மர்சியா சிறியது. போர்க்கள வருணனைக்கும் வாள், குதிரைப் புகழ்ச்சிக்கும் அதில் அதிகம் இடமில்லை. தாயும் தங்கையும் அழும் அழுகை அது. கூட்டம் சேர்ந்து வாங்கிப் பாட ஏற்றது. ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு அதன் அமைப்பு உடனே பிடிபடும்.

1636-ல் ஷாஜகானின் நெருக்குதலுக்குக் கோல்கொண்டா அரசர் அப்துல்லா குதுப் ஷா பணிந்தார். உடன்படிக்கையின்படி குத்பாவிலிருந்து பன்னிரண்டு இமாம்களின் பெயர்களும் ஈரான் ஷாவின் பெயரும் நீங்கின. நான்கு கலீபாக்களின் பெயர்களும் முகலாயப் பேரரசனின் பெயரும் ஏறின. ஆண்டுதோறும் இரண்டு லட்சம் ஹொன் (பொற்காசு) கப்பம் வேறு. அரசன் தந்த நெறியை இன்னொரு அரசன் ஒரே ஓலையில் பறித்துக்கொண்டான். ஆனால் ஆஷூர்கானாவில் அழுகை நிற்கவில்லை. மதமும் அதிகாரமும் இடைக்காலத்தில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன என்று எழுதும் நூல்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குத்பா அரசனுடையது, மர்சியாவோ அதற்குள் ஊருக்குச் சொந்தமாகிவிட்டிருந்தது.

1687 இன்னும் கொடியது. கடைசி அரசன் தானா ஷா ஆட்சியை மாதண்ணா என்ற பிராமண அமைச்சரிடம் ஒப்படைத்ததும், மராத்தியருக்கு உதவியதும் ஔரங்கசீப் சொன்ன குற்றங்கள். முஸ்லிம் அரசர்கள்மேல் படையெடுப்பது முறையல்ல என்று கருதிய முகலாயத் தலைமைக் காஜி ஷேக்குல் இஸ்லாம் பதவியைத் துறந்து மக்காவுக்குப் போனார். போர் நிற்கவில்லை. 1686-ல் மாதண்ணாவும் அவர் சகோதரர் அக்கண்ணாவும் கோல்கொண்டாத் தெருவில் கொல்லப்பட்டார்கள். எட்டு மாத முற்றுகைக்குப்பின், காசு வாங்கியவன் திறந்துவிட்ட கதவு வழியே கோட்டை விழுந்தது. பாதுஷாஹி ஆஷூர்கானா லாயமாகவும் வண்டிக் கொட்டகையாகவும் ஆனதாகச் சொல்வார்கள். அதை மீட்டுப் புதுப்பித்தவர் சுன்னி அரசரான நிஜாம் அலி கான்.

மர்சியாவின் அடுத்த பள்ளி லக்னோவிலிருந்து வந்தது. மீர் அனீஸும் மிர்சா தபீரும் ஆறடிக் கண்ணிகளில் வளர்த்தெடுத்த நெடிய மர்சியா, பாடப்படாமல் மேடையில் நடிப்பின் நுணுக்கத்தோடு சொல்லப்படுவது. 1871-ல் அனீஸே ஐதராபாத்துக்கு வந்து மஜ்லிஸ் என்னும் துக்கக் கூட்டத்தில் ஓதினார். அதன்பின் உருது ரசிகர்கள் லக்னோ அளவுகோலையே எல்லாவற்றுக்கும் வைத்தார்கள். தக்னி மர்சியா கொச்சையாகத் தெரிந்தது. இது அநீதி. அனீஸின் காவியப் பெருமையை மறுக்க யாருக்கும் துணிவு வராது. ஆனால் இந்த மரபு தனக்கு வைத்துக்கொண்ட முதல் அளவு, கேட்பவர் கண்ணில் நீர் வந்ததா என்பதுதான். கருவியில்லாமல் குரல்மட்டும் இழையும் சோஸ், மார்பில் அறைந்துகொண்டே பாடும் நோஹா எல்லாம் அந்த அளவுக்குக் கட்டுப்பட்டவை. அந்த அளவில் தக்னி யாருக்கும் இளைத்ததல்ல.

மூன்றாவது பள்ளிக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. தெலங்கானா ஊர்களில் முஹர்ரம்தான் பீர்ல பண்டுக. அலம் என்னும் உலோகக் கைச்சின்னங்களை வைத்துக் காப்பவரிலும் தூக்குபவரிலும் இந்துக்கள் ஏராளம்; தீக்குழியைச் சுற்றித் தெலுங்கில் பாடி ஆடுகிறார்கள். நகரத்து ஷியா அறிஞர்கள் இதில் பறையொலி கேட்டு முகம் சுளிக்கலாம். அவர்கள் நெறியில் அந்தப் பத்து நாளும் கருவிகளுக்கு இடமில்லை. நமக்கும் இது அயல் அல்ல. தஞ்சாவூர் அருகே காசவளநாடு புதூரில் இந்துக்களே அல்லாசாமி பண்டிகை எடுத்துத் தீமிதிக்கிறார்கள். சென்னையில் ஆயிரம் விளக்கு என்ற பெயரே முஹர்ரம் கூட்டத்துக்கு ஏற்றிய விளக்குகளால் வந்தது என்பர்.

முஹர்ரம் பத்தாம் நாள் ஐதராபாத்தில் தபீர்புராவின் பீபீ கா அலாவாவிலிருந்து யானைமேல் பீபீ கா அலம் புறப்பட்டு மூசிக்கரைச் சாதர்காட் வரை போகும். வேடிக்கை பார்க்க எல்லா மதத்தாரும் நிற்பார்கள். நிற்பவர்களுக்கு அங்கே பாடப்படும் வரிகளின் பொருள் தெரிய வேண்டும். தமிழும் தக்னியும் அறிந்தவர்கள் இந்நகரில் உண்டு. முகம்மது குலியின் மர்சியாக்களில் தொடங்கி, குடும்பங்கள் போற்றிவரும் கையெழுத்து ஏடுகளிலிருந்தும் சிலவற்றைத் தேர்ந்து அவர்கள் தமிழில் தரட்டும். அடுத்த மலரிலேயே அவற்றை அச்சிடலாம்.