சேர்க்கை அறிவிப்புகளில் அடைமொழி: இணையவழிப் படிப்பும் வளாகப் படிப்பும்

பல்கலைக்கழகச் சேர்க்கை அறிவிப்புகளில் வளாகத்தில் நடைபெறும் படிப்பு பெரும்பாலும் அடைமொழி ஏற்பதில்லை. ‘முதுகலைத் தமிழ்’ என்றாலே அது வகுப்பறைப் படிப்பாகக் கொள்ளப்படும். ஏனையவையே ‘அஞ்சல்வழி’, ‘தொலைநிலை’, ‘இணையவழி’ என அடை பெறுகின்றன. தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியபோதும் வேறுபாட்டைச் சுமந்தது புதிய படிப்பின் பெயரே.

இவ்வடைகள் ஒரு தன்மையன அல்ல. ‘அஞ்சல்வழி’, ‘இணையவழி’ என்பன பாடம் வந்துசேரும் ஊடகத்தைச் சுட்டுகின்றன. ‘தொலைநிலை’ என்பதோ மாணவர் நிற்கும் இடத்தைச் சுட்டுகிறது. எதிலிருந்து தொலைவு என்னும் வினாவுக்கு விடை சொல்லாமலே விளங்குகிறது: வளாகமே மையம். ‘வீட்டிலிருந்தே பயிலலாம்’ என்னும் விளம்பரத் தொடரின் தேற்றேகாரமும் இம்மையத்தை ஒப்புக்கொண்டே பேசுகிறது.

இணையவழி, திறந்தநிலை, தொலைநிலைப் பட்டங்கள் ‘கன்வென்ஷனல்’ முறைப் பட்டங்களுக்கு நிகரானவை என 2022 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. மொழிபெயர்ப்பாளருக்கு இடர் தருவது இச்சொல்லே. ஆங்கிலத்தில் அது ‘வழக்கமான’ என்ற அளவில் நிற்கிறது. ‘மரபுவழி’ என்று பெயர்த்தால், தமிழில் ‘மரபு’ பெற்றுள்ள உயர்மதிப்பு வளாகப் படிப்பைச் சேர்ந்துவிடும். திண்ணைப்பள்ளிக் கல்வியோ என மயங்கவும் இடமுண்டு. ‘நேரடி’ என்றால் மற்றது மறைமுகமாகிவிடும். நிகர்மை கூறும் ஆவணமே பெயர்ப்பில் ஏற்றத்தாழ்வு கற்பிப்பது பொருந்தாது. ‘வளாகவழி’ என்பது சற்றே கரடுமுரடானதுதான். எனினும் ‘இணையவழி’யோடு ஒரே அமைப்பில் நிற்கிறது. வளாகப் படிப்புக்கும் அடை தர அறிவிப்பு எழுதுவோர் உடன்படுவரா என்பது ஐயமே.